ராயபுரத்தில் நாங்கள் கேட்ட விலை

கோயமுத்தூர் ரயில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்களைச் சென்னப்பட்டணத்தில் இறக்கிவிட்டது. நானும் என் தங்கையின் கணவர் சபாபதியும் வந்திருந்தோம். மாப்பிள்ளை பஞ்சுத் தரகர். தாம் வாங்கி விற்கும் பொதிகள் கப்பலேறும் துறைமுகத்தை ஒருமுறையாவது பார்க்க ஆசைப்பட்டார். ராயபுரம் இரண்டரை மைல். ஜட்காக்காரர் பத்தணா கேட்டார். மாப்பிள்ளை பேசிப் பேசி ஆறணாவில் கொண்டுவந்து நிறுத்தினார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கோ காலைப் பலகாரமே சாப்பிட்ட திருப்தி.

எட்டு மணிக்குக் கருவாட்டு வாடையும் கரிப்புகையும் கலந்த ஒரு தெருமுனையில் வண்டி நின்றது.

"மாதா கோயில் திருநா சாமி. ரோடெல்லாம் ஜனம் நின்னுகினு கீது. இங்கியே எறங்கிக்கோங்க," என்றார் வண்டிக்காரர்.

கோயில் வாசலில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தேங்காய் ஒன்றரை ரூபாய்க்குப் போனது. மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "அரையணாத் தேங்காய்ங்க மச்சான். இவங்களுக்குக் கணக்கே தெரியாதுங்களா?" என்று என் காதைக் கடித்தார்.

ஏலம் விட்ட கோயில் உபதேசியார் அடுத்துத் தூக்கிக் காட்டியது ஓர் ஆண் குழந்தையை. ஒரு வயதிருக்கும். கன்னியாஸ்திரீகள் அநாதைப் பிள்ளைகளை வளர்ப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம். அவர்களில் ஒருவன் என்று நினைத்துவிட்டோம். முன்னால் நின்ற துறைமுகக் கூலிக்காரர் ஒருவர் "நாலணா" என்றார். வேறு யாரும் கேட்கவில்லை.

என் தங்கைக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். வீட்டில் இன்னும் தொட்டில் கட்டவில்லை.

"அஞ்சு ரூபாய்" என்றார் மாப்பிள்ளை. அவர் இப்படி ஒரேயடியாக விலையை ஏற்றி அதுவரை நான் கேட்டதில்லை.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கூலிக்காரர் திகைத்து, "அஞ்சேகால்" என்றார்.

"பத்து."

அந்த மனிதர் மடியைத் தடவிப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் நின்ற மீன்காரம்மாள்தான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தாள். "இன்னா நைனா இது? அவன் பெத்த புள்ளைய நீ ஏலம் கேக்குற? ரெண்டு புள்ள செத்து இது ஒண்ணு தங்கிகீது. மாதாவுக்குக் குடுத்துட்டு அவங்களே திருப்பி வாங்கிக்குவாங்க. மத்தவங்க யாரும் கேக்க மாட்டோம்."

மாப்பிள்ளை முகம் செத்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பத்து ரூபாயைக் காணிக்கைத் தட்டில் வைத்து, "தெரியாம கேட்டுட்டேனுங்க. இது உங்க கணக்கில இருக்கட்டும்," என்றார்.

கூலிக்காரர் அதை எடுத்து மாப்பிள்ளை கையிலேயே வைத்தார். "ஒங்க துட்டுல எடுத்தா அது ஒங்க புள்ளையாப் பூடும் சாமி."

"நாலணாவே போதும்ப்பா, மாதா வெல பாக்க மாட்டா," என்றார் உபதேசியார்.

"மொதல்ல போதும். இப்ப எப்பிடி? வழியில போறவரே பத்து ரூபா கேட்டாரு. பெத்தவன் நான் நாலணாவுக்கா எடுப்பேன்?"

சற்று முன்வரை அந்த நாலணாவில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் வேறொரு விலை வந்து நின்றதும் அது அற்பமாகிவிட்டது. அந்தப் பாவத்தை நாங்கள்தான் செய்தோம். குழந்தையின் தாய் முன்னால் வந்து தன் மூக்குத்தியைக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அது அழுதுகொண்டே அவள் தோளில் முகத்தைப் புதைத்தது.

துறைமுகத்துக்குப் போனோம். பஞ்சுப் பொதிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை பார்த்தார் என்றுதான் சொல்லவேண்டும்.

இரவு எட்டு மணி ரயிலில் ஊருக்குத் திரும்பினோம். அரக்கோணம் தாண்டியது. "ஏலத்தில எத்தனை ரூபாய் வரைக்கும் கேட்டிருப்பீங்க மாப்பிள்ளை?" என்று நான்தான் மெல்லக் கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்க தங்கச்சிகிட்ட இதைச் சொல்லிடாதீங்க மச்சான். பத்து ரூபாயோட நிறுத்திட்டு வந்துட்டேன்னு நெனைப்பா."