மரத்துப்போன கன்னம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளுக்குப் பின்னால், பழைய உரக் கிடங்கில் என் மண்பாண்டப் பட்டறை இருக்கிறது. இரண்டு சக்கரம், ஒரு கேஸ் சூளை. ஈப்போவில் பூச்சட்டி செய்யும் இடத்தில் பல வருடம் சூளை பார்த்துவிட்டுத் திரும்பியபோது மானேஜர் அந்தக் கிடங்கைத் தந்தார். இந்த வேலையில் புதிதாக இறங்கும் கலைஞர்கள் வந்து சில மாதம் தங்குவார்கள். அவர்கள் வனைவார்கள், நான் சுடுவேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். அவர்களுடைய கலையைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது. நெருப்பு தெரியும் என்று நம்பியிருந்தேன்.

போன மழைக்காலத்தில் கிள்ளானிலிருந்து ஒரு பெண் வந்து தங்கினாள். கிளினிக் வேலையை விட்டுவிட்டு வந்தவள். கோலாலம்பூரில் நடக்க இருந்த முதல் கண்காட்சிக்காக முழங்கால் உயரத்தில் ஐந்து ஜாடிகள் செய்தாள். நான்கு மாத வேலை.

ஈரம் போகாத மண்ணைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். இந்த மலையில் மழைக்காலத்தில் எதுவும் லேசில் காய்வதில்லை. ஜாடியில் கன்னத்தை ஒட்டிப் பார்ப்பேன். ஜில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஈப்போவில் பழகியது அது.

அன்று விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் தானா ராத்தா டவுனுக்குப் போய் கேஸ் வாங்கி வந்தேன். வழியெல்லாம் பனி முகத்தில் அடித்தது. இறங்கிய கையோடு குனிந்து ஐந்து ஜாடிகளிலும் கன்னத்தை வைத்தேன். எதுவும் ஜில்லென்றில்லை.

"இன்னும் ரெண்டு நாள் விட்டுப் பாக்கலாமா அண்ணே?" என்றாள்.

"காஞ்சிருச்சு" என்றேன்.

மதியம் சூளைக்குள் முதல் வெடிச் சத்தம் கேட்டது. பிறகு நான்கு.

மறுநாள் சூளை ஆறியதும் திறந்தோம். அவள் ஒரு சில்லை எடுத்துத் தடிமனைப் பார்த்தாள். "அடி கனமாப் போச்சு அண்ணே, அதான் வெடிச்சிருச்சு. எனக்குக் கை வரல."

எனக்கும் அப்போது காரணம் தெரியவில்லை. அடுத்த நாள் காலை மறுபடி மோட்டாரில் போய் வந்தபோது என்னவோ தோன்றி, சக்கரத்தில் கிடந்த ஈர மண்ணை அள்ளிக் கன்னத்தில் வைத்தேன். அதுவும் ஜில்லென்றில்லை. என் கன்னம்தான் மரத்துப் போயிருந்தது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். இவனுக்குச் சூளை தெரியாது என்று பேர் வந்துவிட்டால் யார் என்னிடம் மண்ணைத் தருவார்கள் என்று பயந்தேன். பேச்சு வராதவன் என்று எல்லாரும் நினைப்பது வசதியாகவும் இருந்தது. மூன்று நாள் அப்படியே போனது. அவள் துணிமணிகளைக் கட்டிவைத்து, வனையும் கத்திகளையும் கம்பியையும் ஒரு பொட்டலமாக என் மனைவியிடம் கொடுத்தாள். "நீங்களே வச்சுக்குங்க அக்கா. நான் கிளினிக்குக்கே போறேன்."

மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன். அவள் அந்தப் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள்.

"வாயிலயும் மண்ணா வச்சிருக்கீங்க? அந்தப் பிள்ள தன் கையே சரியில்லன்னு போகுது. போய்ச் சொல்லுங்கலா."

அந்தப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு, பஸ் நிலையம் வரை நான்தான் அவளைக் கொண்டுபோய் விட்டேன். அவளுடைய பெட்டியை ஏற்றிய பிறகுதான் எனக்குக் குரல் வந்தது.

"அடி கனமில்ல, தங்கச்சி. என் முகம் வெறச்சிருந்துச்சு. ஈரம் எனக்குத் தெரியல."

"எப்பத் தெரிஞ்சுச்சு?"

"திறந்ததுக்கு மறுநாளே."

"மூணு நாளா நான் அழுதத பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

பஸ் படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பிக் கையை நீட்டினாள். பொட்டலத்தைக் கொடுத்தேன்.

கண்காட்சி அவள் இல்லாமல் நடந்தது. சில மாதம் கழித்து மனைவியின் கைப்பேசிக்கு ஒரு ஜாடியின் படம் வந்தது. வேறு யாருடைய சூளையிலோ சுட்டது. எனக்கென்று ஒரு வார்த்தையும் அதில் இல்லை.

இப்போது என் பட்டறையில் வனைந்தவர்தான் கன்னம் வைத்துப் பார்க்க வேண்டும். புதிதாக வருபவர்களிடம் ஏன் என்பதையும் சொல்கிறேன். சொல்லி முடித்த பிறகே சூளையைப் பற்றவைக்கிறேன்.