என் நண்பன் நடித்த நோய்கள்

பல் வைத்தியம் படித்தவனுக்குக் கழுத்துக்குக் கீழே உடம்பு இருப்பதே மறந்துவிடும். பட்டம் வாங்கிய ஒரே வருடத்தில் எனக்கு மறந்திருந்தது. எம்.டி.எஸ். மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் பொது மருத்துவத்துக்கென்று ஒரு தாள் முழுக்க உண்டு என்று தெரிந்தபோது எனக்குப் பயம் வரவில்லை, பரபரப்புதான் வந்தது. ஈரல், நுரையீரல், இதயம் எல்லாவற்றையும் மூன்று மாதத்தில் விழுங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி அறை. கூட இருந்தவன் கல்லூரியில் என்னோடு படித்த அத்திபெலே ஊர்க்காரன். காலையில் இருவரும் ஒரே கிளினிக்கில் பல் பார்ப்போம். மதியத்துக்கு மேல் படிப்பு.

வெறுமனே படித்தால் எனக்குத் தூக்கம் வரும். அதனால் ஒரு விளையாட்டை உண்டாக்கினேன். நோய்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்தோம். தினம் ஒருவன் நோயாளி. அவன் ஒரு சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் மறைத்துக்கொண்டு கட்டிலில் படுக்க வேண்டும். மற்றவன் கேள்வி கேட்டு, தொட்டுத் தட்டிப் பார்த்து, நோயைச் சொல்ல வேண்டும். உடம்பில் இல்லாத அடையாளத்தை நோயாளி வாயால் சொல்வான். "என் கண்ணு மஞ்சளா இருக்கு" என்றால் எனக்கு அது மஞ்சள்தான். கண்ணில் படுவது எல்லாம் நடிப்பு. இதுதான் விதி. நான் போட்ட விதி.

நவம்பர் கடைசியில் அவனுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று தாங்க முடியாமல் வலித்தது. கிளினிக் மூடிய பிறகு அவனே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "சீக்கிரம் புடுங்கு மச்சான், பசிக்குது" என்றான். பிடுங்கினேன். வெளி ஆட்களிடம் கேட்கும் பழைய நோய் பற்றிய கேள்வி ஒன்றையும் கேட்கவில்லை. கூடவே தூங்கி எழுகிறவனிடம் யார் போய்க் கேட்பார்கள்?

அதுவரை அவன் படுமோசமான நடிகன். காசநோய்க்காரனாக இருமும்போதே சிரித்துவிடுவான். டிசம்பர் பாதியில் திடீரென்று தேறிவிட்டான். கட்டிலில் படுத்தால் அப்படியே ஒட்டிக்கொண்டது போல் கிடந்தான். மலேரியா சீட்டு எடுத்த நாளில் அவன் பற்கள் கிடுகிடுத்ததைக் கேட்டு நான் கைதட்டினேன். மறுநாள் நீரிழிவு. அன்றைக்கும் அதே நடுக்கம். அதற்கடுத்த நாள் வயிற்றுப் புண். அதற்கும் நெற்றியில் வேர்வை.

"எல்லா நோயையும் ஒரே மாதிரி நடிக்கிறியே, மச்சான்" என்று கடிந்துகொண்டேன். "கொஞ்சம் மாத்தி நடி."

"சரி, மாத்திக்கிறேன்" என்றான். கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜன்னல் வழியே நல்ல வெயில். கீழே யாரோ துணி உதறிக்கொண்டிருந்தார்கள். அவன் சீட்டு எடுத்தான், படுத்தான்.

"என்ன தொந்தரவு?"

"நீயே சொல்லு, டாக்டரே."

"எத்தனை நாளா?"

"மூணு வாரம் இருக்கும். சாயந்திரமானா குளுருது. விடிஞ்சா சட்டையெல்லாம் ஈரம்."

"சாப்பாடு?"

"எறங்கல."

கையைப் பிடித்தேன். நகங்களுக்கு அடியில் மெல்லிய கருஞ்சிவப்புக் கோடுகள், சிராய் ஏறியதைப் போல. விரல் நுனியை அழுத்தினேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். கீழ் இமையை இறக்கினேன். உள்ளே ஊசி குத்தியது போலச் சிவப்புப் புள்ளிகள். என் மனசு குதித்தது. ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்தேன். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே, மூடிய கதவிடுக்கில் யாரோ வாய் வைத்து ஊதுவது போல ஒரு சத்தம்.

"கண்டுபிடிச்சிட்டேன்" என்றேன். "எண்டோகார்டைட்டிஸ். இதய வால்வுல கிருமி ஒட்டிக்கிட்டு வளருது. பிரமாதம் மச்சான். நகத்துல கோடு எதால போட்ட, பேனாவா?"

அவன் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினான். பெரிபெரி என்று என் கையெழுத்தில் இருந்தது, சத்துக் குறைவு நோய்.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லடா" என்றான். "நடிக்கத் தெம்பு இல்ல. நீ கேட்டதுக்கு இருக்கறதச் சொன்னேன்."

என் விரலில் எச்சில் தொட்டு அவன் நகத்தைத் தேய்த்தேன். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். இருவரும் அந்த நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம், அது வேறு யாருடையதோ என்பது போல. மார்பில் கேட்ட அந்தச் சத்தத்தையும் நடிக்க முடியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் வாய் மட்டும் பாடத்தை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. "சின்ன வயசுல மூட்டு வீங்கி காய்ச்சல் வந்துச்சா?"

"எட்டு வயசுல. ரெண்டு மாசம் ஸ்கூலுக்குப் போகல."

அடுத்த கேள்விக்கு முன் அவன் கையை விட்டேன். மூட்டுக் காய்ச்சல் கெடுத்த வால்வில், பல் பிடுங்கிய புண் வழியே ரத்தத்தில் ஏறும் கிருமி போய் ஒட்டும் என்ற அந்தப் பாடம் அவனுக்கும் தெரியும்.

"கேளு" என்றான். "பல்லு எடுத்தாங்களான்னு கேளு."

ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த மருத்துவர் அவன் மார்பில் வெகுநேரம் காது கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பல் எடுத்தது யாரு?" என்று கேட்டார்.

"ஊர்ல ஒருத்தரு, சார்" என்றான் நண்பன்.

"நான்தான், சார்" என்றேன்.

"முன்னாடி பென்சிலின் குடுத்தியா?"

"இல்ல, சார்."

"மூட்டுக் காய்ச்சல் வந்துச்சான்னு கேட்டியா?"

"இல்ல, சார்."

அவர் திட்டவில்லை. "நாலு மணி நேரத்துக்கு ஒரு ஊசி. ஆறு வாரம். கெட்ட வால்வு கெட்டதுதான். ஆள் பொழைக்கிறாரான்னு பத்து நாள்ல தெரியும்" என்று எழுதத் தொடங்கினார்.

அந்தப் பத்து நாளும் வார்டில்தான் இருந்தேன். தேர்வு நடுவில் வந்து போனது. வரிசையாகப் படுத்திருந்தவர்கள் எல்லோரும் பையில் ஆளுக்கொரு சீட்டு வைத்திருப்பதாகவே தோன்றும். எதிர்க் கட்டில் கிழவர் என்னைப் பார்த்து முனகினால், நல்ல நடிப்பு என்று மனசு முந்திக்கொள்ளும். ஒரு காலை அந்தக் கட்டில் காலியாக இருந்தது. அப்போதும் ஒரு கணம், அவர் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். ஆட்டம் முடிந்தால் நாங்கள் எழுந்து டீ குடிக்கப் போவோமே, அப்படி.

நண்பனின் காய்ச்சல் தினம் மாலையில் நூற்றொன்றைத் தொட்டது. ஏழாம் நாள் நூறு. ஒன்பதாம் நாள் மாலை நானே அவன் வாயிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தேன்.

"தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு" என்றேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன் அவனிடம் பார்த்ததில்லை.

"சிஸ்டர்கிட்ட குடு" என்றான். "நீ சொல்லாத."

கொடுத்தேன். நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பி, பாதரசக் கோடு தெரியும்வரை கண்ணாடிக் குழாயை உருட்டினார். "தொண்ணூத்தெட்டு நாலுதான்பா. ஜுரம் விட்டிருக்கு" என்றார்.

இன்னொரு தடவை வைத்துப் பார்க்கச் சொல்லி, அவன் அவரை நோக்கி வாயைத் திறந்தான்.