குளியலறையில் தொங்கிய ஈரத்துணி

எழுதிப் பழக்கமில்லாத ஒருத்தி இதை எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு தையல் மெசினில் உட்கார்ந்தவள் நான். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுவேன், ஒருநாளும் நம்பியதில்லை. இதைப் படித்துவிட்டு நீங்களும் எழும்பிப் போகலாம், நான் குறை நினைக்கமாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஈச்சிலம்பற்றிலிருந்து திருகோணமலை நகருக்கு வந்து ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். துறைமுகப் பக்கம் பவளம் அக்கா என்பவரின் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. அதில் என்னோடு சேர்த்து மூன்று பேர். கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்த தம்பலகாமத்து ரஞ்சி, ஆஸ்பத்திரியில் வேலை செய்த மங்களம் அக்கா, நான்.

வெளியூர் ஆட்கள் நகரில் தங்குவதென்றால் வீட்டுக்காரரின் பதிவுக் கடதாசியில் பெயர் இருக்க வேண்டும். ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு வந்தால் அதை வைத்துத்தான் ஆட்களை எண்ணுவார்கள், பெயரில்லாதவரை ஏற்றிக்கொண்டு போவார்கள். என் பெயருக்கு மேலே ஒரு பெயர் கறுப்பு மையால் வெட்டிக் கிடந்தது. கேட்டேன்.

"முந்தி இருந்த பிள்ளை. ஒருநாள் வேலைக்கெண்டு வெளிக்கிட்டது, திரும்பி வரேல்லை" என்றார் பவளம் அக்கா. அதற்கு மேல் கேட்கிற காலமில்லை அது.

ஊரில் கிணற்றடியில் குளிக்கும்போது நெஞ்சுக்கு மேலே துணியைக் குறுக்குக்கட்டாகக் கட்டிக்கொண்டுதான் குளிப்போம். இங்கே நாலு சுவரும் கொண்டி போட்ட கதவும் இருந்ததால் மூன்று பேரும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம். அதைப் பிழை என்று நான் இன்றுவரை சொல்லமாட்டேன். கொண்டி போட்ட கதவை நம்புவது பிழையில்லை.

பவளம் அக்காவின் தம்பி நவம் கலியாண வீடுகளில் வீடியோ எடுப்பவன். குளியலறைக்குப் பின்னால் ஒட்டியிருந்த களஞ்சிய அறையில் தன் சாமான்களைக் கொண்டுவந்து வைத்தான். அந்தக் கிழமையிலிருந்துதான் துணி வரத் தொடங்கியது.

மண்ணிறக் கட்டம் போட்ட குறுக்குக்கட்டுத் துணி. கதவுக்கு எதிர்ச்சுவரில் ஆணியில் தொங்கும், எப்போது பார்த்தாலும் ஈரமாகவே இருக்கும். நான் தையல்காரி, கண் முதலில் ஓரத்துக்குத்தான் போகும். சிவப்பு நூலில் கையால் மடித்துத் தைத்திருந்தது, தையல் சீராக இல்லை. மூன்று பேரிலும் கடைசியாகக் குளிப்பவள் நான்தான்; உடுத்திக்கொண்டு வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் அதைப் பிழிந்து வெளியே கொடியில் போடுவேன். அடுத்த நாள் காலையில் பழைய இடத்தில் ஈரமாகத் தொங்கும். ரஞ்சியைக் கேட்டால் தன்னுடையது இல்லை என்றாள்.

"எனக்கு இந்தத் துணி ஒரு பக்கத்துக்குத்தான் காணும், மற்றப் பக்கத்துக்கு நீ தைச்சுத் தருவியோ?" என்று மங்களம் அக்கா தன் பருத்த உடம்பைக் காட்டிச் சிரித்தார். பவளம் அக்காவோ அதைத் தொட்டும் பார்க்கவில்லை.

ஒரு மாதம் இப்படியே போனது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் எனக்குக் கோபம் வந்து, குப்பை கொளுத்துகிற இடத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி அதை எரித்தேன். சாம்பலானதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

ஞாயிறு காலை மற்றவர்கள் எழும்ப முதலே குளிக்கப் போனேன், சுவர் வெறுமையாக இருந்தது. நிம்மதியாகப் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தேன். உடுத்தி முடித்துச் சவர்க்காரத்தை எடுக்கக் குனிந்தபோதுதான், துணி தொங்கிய இடத்தில், இரண்டு கல்லுக்கு நடுவே சாந்து தோண்டப்பட்ட ஓர் ஓட்டை தெரிந்தது. அதற்குள்ளே ஒரு கண்ணாடி, பக்கத்தில் சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம்.

  ஈரத் தலையோடு சுற்றிப் போய்க் களஞ்சிய அறைக் கதவைத் தள்ளினேன். பெட்டிகளுக்கு மேலே சாக்கால் மூடி வைத்த கமெரா ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிவந்து என் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பெட்டியின் மேல் உட்கார்ந்தேன்.  ஒருத்தி குளிக்கும்போது துணி இல்லாமல் அந்த ஓட்டை திறந்திருந்தது அன்றைக்கு மட்டும்தான். திறந்துவிட்டவள் நான், உள்ளே நின்றவளும் நான்.

நவம் வாசலில் வந்து நின்று அழுதான். "அக்கா, சத்தியமா படத்தில ஒண்டும் விழேல்லை. ஒவ்வொரு நாளும் துணிதான் விழுந்தது. கமெராவைத் தாங்கோ."

"ஒண்டும் விழேல்லையெண்டால் ஒவ்வொரு நாளும் என்னத்துக்கு வைச்சனீ?" என்று மங்களம் அக்கா கேட்டார். 

பவளம் அக்கா வந்தார். "பிள்ளை, குடுத்துவிடு. இல்லாட்டி நாளைக்கே உன்ர பேரைக் கடதாசியில வெட்டுவன்."

ரஞ்சி என் கையைப் பிடித்தாள். அவளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தது. "விடுங்கோ அக்கா. வெளியில தெரிஞ்சால் எங்களைத்தான் கதைப்பினம்."

துறைமுகச் சந்தியில் ஆமிக் காவலரண் இருந்தது. அங்கே கமெராவைக் கொண்டுபோனால் நவத்தின் கதை முடிந்துவிடும், எனக்குத் தெரியும். ஆனால் கசெற்றை முதலில் போட்டுப் பார்க்கப்போவது அங்கே நிற்பவர்கள்தான். அதுவும் ஏலாது. ஆகவே ஒன்றுதான் மிச்சம்: என் கையாலேயே அதை அழிக்க வேண்டும், அழிப்பது சரியான கசெற்தான் என்று கண்ணாலேயே பார்க்க வேண்டும்.

"வெட்டுறதெண்டால் வெட்டுங்கோ" என்றேன். "குளிச்சதுக்கு நான் வெக்கப்படேல்லை. இப்ப உங்கட ரி.வி.யில போட்டுப் பாப்பம். பொம்பிளையள் மட்டும். நீங்களும் இருங்கோ." என் வாயிலிருந்து அவ்வளவு நீளமாகக் கதை வந்ததை அதற்கு முதல் யாரும் கேட்டதில்லை.

வயரை எப்படிப் பூட்டுவது என்று நவம் காட்டினான். அவனை வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டினோம். நல்ல வெயில் நேரம், யன்னல் சீலைகளை இழுத்துவிட்டோம்.

முதலில் யாரோ ஒரு மாப்பிள்ளை பொம்பிளை மாலை மாற்றினார்கள். பிறகு திரை முழுக்க மண்ணிறக் கட்டம். தண்ணீர்ச் சத்தம், மங்களம் அக்காவின் இருமல், ரஞ்சி என்னைக் கூப்பிடுகிற சத்தம். துணி மட்டும் அசையவில்லை. நாள் நாளாக அதே கட்டம்தான். நவம் சொன்னது பொய்யில்லை.

பிறகு அன்றைய காலை வந்தது. துணி இல்லை. வாளி தெரிந்தது, கதவு தெரிந்தது. கதவைத் திறந்துகொண்டு துவாயோடு நான் உள்ளே வந்தேன். கொண்டியைப் போடத் திரும்பினேன். கண்ணை மூடப் பார்த்தேன், மூடவில்லை.

அப்போது பக்கத்திலிருந்து ஒருத்தி வந்து கமெராவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், அதற்குப் பிறகு திரையில் இருந்தது தலைமயிர் மட்டும்தான். நனைந்த நீளமான மயிர். நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவளுக்கு அந்தப் பக்கம் நான் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் என் பாட்டும் கேட்டன. பாட்டு முடியும்வரை அவள் ஓர் அடி நகரவில்லை. அந்தக் குளியலறையில் கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். அங்கே நான் தனியாகத்தான் நின்றேன்.

"நிப்பாட்டு" என்றார் பவளம் அக்கா. அழுதுகொண்டிருந்தார். கறுப்பு மையால் வெட்டிக் கிடந்த அந்தப் பெயர் எனக்கு ஞாபகம் வந்தது.

"ஆரெண்டு தெரியுமோ அக்கா?"

"தலைமயிரைப் பாத்து ஆரெண்டு சொல்லுறது?" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். திரும்பி வந்து களஞ்சிய அறைப் பூட்டின் திறப்பை என் மடியில் வைத்தார். கடதாசியைப் பற்றி அதன் பிறகு வாயே திறக்கவில்லை. நவம் அந்த வீட்டு வளவுக்குள் மறுபடி கால் வைக்கவில்லை.

கசெற் நாடாவை மூன்று பேரும் மாறி மாறி இழுத்து, துணியை எரித்த அதே இடத்தில் எரித்தோம். களஞ்சிய அறையில் தேடி எடுத்த மற்றக் கசெற்களையும் போட்டோம். கலியாண வீடுகளும் சேர்ந்து எரிந்திருக்கும், அதற்கு நான் கவலைப்படவில்லை.

பின்னேரம் நானே சீமெந்து குழைத்து ஓட்டையை அடைத்தேன். மங்களம் அக்கா விளக்குப் பிடித்தார். பூசிவிட்டு, இனி அந்தப் பக்கம் ஒன்றும் தொங்க வேண்டாம் என்று ஆணியைப் பிடுங்கப் பார்த்தேன்.

அந்தச் சுவரில் ஆணி இல்லை. ஆணி அடித்திருந்த துளையும் இல்லை. நான் அடைத்த ஓட்டையைத் தவிர சுண்ணாம்பு எங்கேயும் பெயரவில்லை. உள்ளங்கையால் மேலும் கீழும் தடவிப் பார்த்தேன், மங்களம் அக்காவும் தடவிப் பார்த்தார். ஒரு மாதமாக நான் ஒவ்வொரு நாளும் எதிலிருந்து அந்தத் துணியை எடுத்தேன்?

இப்போதும் புதிதாக ஓர் இடத்தில் குளிக்கப் போனால் முதலில் சுவரைத் தடவுவேன். அம்மா கமெரா தேடுகிறா என்று என் பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் ஆணியைத்தான் தேடுகிறேன்.

ஓட்டையை அடைத்த மறுநாள் திங்கட்கிழமை. சீமெந்து காய்ந்திருந்தது. கொண்டியைப் போட்டு, குறுக்குக்கட்டு இல்லாமலே குளித்துவிட்டு, ஏழரைக்கு வேலைக்குப் போனேன்.