பின்மதிலில் ஒரு கடப்பு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்க ஏலாது.

நிந்தவூரில் நாங்கள் இருந்தது ராத்தாவின் வீட்டில். ராத்தா என் மூத்த சகோதரி. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து சேருவார். உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகி அடக்கமான பிறகு நானும் அங்கேயே ஒட்டிக்கொண்டேன். முன்வாசல் கடலைப் பார்த்திருந்தது. சுற்றிவர ஆள் உயரத்துக்கு மேல் மதில். பின்மதிலில் மட்டும் ஓர் ஆள் நுழையும் கடப்பு. பெண்கள் தெருவில் இறங்காமல் பக்கத்து வளவுக்குப் போய்வர அப்படி விடுவது வழக்கம்.

பக்கத்து வளவு மாமியின் ஆடுகள் அந்தக் கடப்பால் வந்து நான் நட்ட மிளகாய்க் கன்றுகளை மொட்டையடித்துவிட்டன. அவ்வளவுதான். புளக் கல்லும் சீமெந்தும் கொண்டுவந்து, அஸர் தொழுகைக்கு முன் நானே அடைத்தேன்.

"அடைக்காத தம்பி. பொம்புளையள் இனி றோட்டாலயா சுத்திப் போற?" என்றார் ராத்தா.

"ஓம், சுத்திப் போங்க."

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு எண்டு சும்மாவா சொன்னாங்க!" என்று சிரித்தார். கட்டாரில் வேலை செய்த தன் மாப்பிள்ளையிடம், என் மச்சானிடம், அவர் இதைச் சொல்லவேயில்லை. தம்பியைக் காட்டிக்கொடுக்க மாட்டார்.

அடுத்த வருடம் சுனாமி. அன்று காலை நான் கல்முனையில் நின்றேன். மாமியின் வளவுக்கு அந்தப் பக்கம் மாடிப் பள்ளிக்கூடம். மேலே ஓடியவர்கள் தப்பினார்கள். ராத்தாவை உயிரற்ற ஜனாஸாவாகப் பின்மதில் இடிந்து கிடந்த இடத்தில் எடுத்தோம். மாமி நோயில் விழுந்து முன்னமே மௌத்து. மச்சான் வந்து பார்த்தபோது எல்லாம் ஒரே கற்குவியல். எது மதில், எது கடப்பு என்று யாருக்குத் தெரியும்?

மச்சான் அழுதழுது ஒன்றையே சொன்னார்: "நான் வாற வரைக்கும் வீட்ட விட்டு எங்கயும் போகாத எண்டு சொல்லிட்டுப் போனன். என்ட சொல்லக் கேட்டு நிண்டுட்டா." நான் வாய் திறக்கவில்லை. அவர் வேறு கலியாணமும் செய்யவில்லை.

யுத்தம் முடிந்துகொண்டிருந்த காலத்தில் நான் கல்முனையில் ஒரு நெட் கடையில் வேலை செய்தேன். ரேடியோவில் நாளுக்கொரு ஊர் விழுந்தது. சந்தியில் சோதனைச் சாவடி. பின்னேரமானால் கடைக்கு ஆள் வராது. அப்போதுதான் ஒரு கம்பியூட்டர் விளையாட்டில் விழுந்தேன். அதில் எதையும் கட்டலாம், எதையும் இடிக்கலாம், கட்டியதை இணையத்தில் மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். யாரோ கட்டிய வீடொன்றில் கதவு திறக்கவில்லை, திருத்தி அனுப்பினேன். பிறகு படிகள், கிணறுகள். கதவுக்காரன் என்று பெயரே வைத்துவிட்டார்கள். உனக்கென்று ஓர் இடம் கட்டு என்றார்கள். எனக்கு வேறு எந்த இடம் தெரியும்?

ராத்தாவின் வளவைக் கட்டினேன். கேட், கிணறு, குசினி, மதில் எல்லாம். கடப்பைத் திறந்தே விட்டேன்.

கொஞ்ச நாளில் எவனோ ஒருவன் அதற்குள் கடலை விட்டான். தண்ணீர் வருமுன் தப்ப வேண்டும், அதுதான் ஆட்டம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் செய்தது என்ன? கடல் இப்படி மெதுவாக வராது என்று நானே வேகத்தைத் திருத்திக் கொடுத்தேன். யா அல்லாஹ், எனக்கு என்ன பேய் பிடித்திருந்ததோ! பிறகு ஒருவன் கேட்டான்: எல்லோரும் பின்பக்கத்தால் தப்பிவிடுகிறார்களே, உண்மையிலும் அங்கே வழி இருந்ததா? இருந்தது என்று எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

யுத்தம் முடிந்து சந்தியில் பட்டாசு வெடித்த கிழமை மச்சான் லீவில் வந்தார். நேரே கடைக்கு வந்தார்.

"அவட வீட்ட கம்பியூட்டர்ல கட்டிரிக்கியாமே. காட்டு."

மவுஸைக் கையில் கொடுத்தேன். தடுமாறித் தடுமாறி நடந்தார். குசினியில் நெடுநேரம் நின்றார். அங்கிருந்து பின்மதிலுக்குப் போய், கடப்பால் வெளியே வந்தார். திரும்பக் குசினிக்குப் போனார். மறுபடி வெளியே வந்தார்.

"பன்னெண்டு எட்டுத்தான்," என்றார். "பன்னெண்டு எட்டு வெச்சிருந்தா தப்பிரிப்பா. அதையும் வெக்காம நிண்டிரிக்காளே. நான்தானே அவளச் சாகடிச்சன்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. மவுஸை வாங்கினேன். கடப்பில் ஒவ்வொரு கல்லாக வைத்தேன். கடைசிக் கல் வரைக்கும் அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரு அடைச்ச?"

"நான்தான் மச்சான். நீங்க கட்டார்ல இரிக்கக்குள்ள."

வெளியே இன்னும் பட்டாசுச் சத்தம்.

"வேணாமெண்டு அவ சொல்லல்லியா?"

"சொன்னா."

எழுந்து போய்விட்டார். அடைத்த வளவையே இணையத்தில் போட்டேன். இப்போதுதான் ஆட்டம் சரி, ஒருவரும் தப்பவில்லை என்று பாராட்டி எழுதியிருந்தார்கள். அதன் பிறகு நான் அங்கே எதையும் கட்டவில்லை.

மச்சான் என்னோடு கதைப்பதில்லை. ஸலாம் சொன்னால் மட்டும் பதில் சொல்வார். அது கடமை.