மாமிக்கு ஒரு கம்பளித் தொப்பி

இன்று பின்னேரம் டவுனில் மாமிக்குக் கம்பளித் தொப்பி வாங்கிக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு கை தோளைத் தொட்டது. என்னோடு படிப்பிக்கிற ஸ்ரெலா ரீச்சர்.

"மாமிக்கா புள்ள? தலையில காத்துப் படாமப் பாத்துக்கொள்."

பள்ளிக்கூடத்து ஆக்கள் இந்தக் குழுவில் இல்லை என்ற துணிவில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை குடும்பமாக நுவரெலியாக் குளிருக்குச் சுற்றுலா போகிறோம். சனி விடிய ஹோட்டன் சமவெளி, ஞாயிறு காலை கிரகரி வாவியில் படகு. லீவு தரமாட்டார்கள் என்று பயந்து, மாமிக்குக் கண்டியில் ஒப்பரேசன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நாங்கள் பிடித்த வான் வண்டி கண்டி வழியாகத்தான் போகிறது. அந்தளவுக்கு உண்மை.

"ஒண்டுக்கும் யோசியாத. மாமிக்காக மூணு நாளா ஒருசந்தி இருக்கன். ஞாயிறு பூசையில அவட பேரச் சொல்லி மன்றாடச் சொல்லி ஃபாதரிட்ட எழுதியும் குடுத்திட்டன்" என்றார் ரீச்சர்.

ரீச்சருக்குச் சீனி வருத்தம்; நேரத்துக்குச் சாப்பிட்டுக் குளிசை போடுகிறவர். ஒருசந்தி என்று மூன்று நாளாக ஒரு நேரச் சாப்பாடு!

"ஐயோ, வேணாம் ரீச்சர்" என்றேன்.

"எங்களுக்குள்ள என்ன புள்ள" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

வீட்டில் மாமி தொப்பியைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார். "இந்த ஞாயிறு பூசைக்கு நாம இல்லையே" என்று ஒரே கவலை.

"ஆரோ வருத்தக்காரருக்கு மன்றாட்டாம் மாமி" என்றேன்.

"பாவம். படகில இருந்தெண்டாலும் நானும் ஒரு செபமாலை சொல்லுறன். பேர் என்னவாம்?"

என்ன பேர் சொல்ல? யாராவது சொல்லுங்கள்.