பரமேஸ்வரி அக்காவின் அத்திவாரமும் கமராவின் திகதியும்

பிள்ளைகளே, சண்டை முடிந்து சனம் ஊருக்குத் திரும்பிய மீள்குடியேற்றக் காலத்தில் நான் ஒரு வீட்டுத்திட்டக் கந்தோரில் படம் எடுக்கும் வேலை பார்த்தேன். பேசாலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் நானாட்டான் பக்கம் போய், கட்டுகிற வீடுகளை அத்திவாரம், சுவர், கூரை என்று படம் பிடிக்க வேண்டும். கமரா ஒன்றுதான். மூன்று பேர் மாறி மாறிக் கொண்டுபோவோம். படத்தின் மூலையில் திகதி விழும். கந்தோர் அந்தத் திகதியை நம்பியது. ஆட்களை நம்பவில்லை.

ஒருநாள் பொறுப்பதிகாரி என்னைக் கூப்பிட்டார். நான் எடுத்த, நறுவிலிக்குளம் பரமேஸ்வரி அக்காவின் அத்திவாரப் படம் கணினியில் இருந்தது. திகதி, சண்டை நடந்த ஒரு வருடத்தின் ஜனவரி முதலாம் நாள். அப்போது அந்த ஊரில் சனமே இல்லை.

"நீர் அங்க போகவே இல்லை. ஆரிட்டயோ பழைய படம் வாங்கிப் போட்டிருக்கிறீர்," என்றார்.

பழைய அத்திவாரம் என்றால் புது வீடு கிடையாது என்றும், அக்காவின் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டப்போவதாகவும் சொன்னார். சுவர் எழும்பிவிட்டதால் அத்திவாரத்தைப் போய்ப் பார்க்கவும் வழியில்லை.

எனக்கு மற்ற இருவர்மேல்தான் சந்தேகம். என்னை மாட்டிவிட யாரோ திகதியில் கைவைத்திருக்கிறான் என்று நினைத்தேன். இரண்டு நாள் அவர்களோடு சரியாகக் கதைக்கவில்லை.

பிறகுதான் அந்தத் திகதி உறுத்தியது. புதுவருடப் பூசையை விட்டு நான் எங்கும் போகாத நாள் அது; மாட்டிவிட நினைப்பவன் சரியாக ஜனவரி முதலாம் நாளையா போடுவான்? கமராவை எடுத்து, பற்றரியைக் கழற்றித் திரும்பப் போட்டேன். பதிந்திருந்த திகதி அழிந்து, கமரா செய்தவர்கள் வைத்த தொடக்கத் திகதி திரையில் சின்ன எழுத்தில் வந்தது; அதே ஜனவரி முதலாம் நாள். கீழே ஓகே, சரியாகப் பெருவிரலுக்கு நேரே. அன்று வெயிலில் பற்றரி மாற்றியபோது, திரை தெரியாமல் அதை அமத்தியவன் நான்தான்.

பெயர் வெட்டும் கடிதம் கிடைத்து பரமேஸ்வரி அக்கா கந்தோருக்கு வந்த அன்று, பற்றரியைக் கழற்றிப் போட்டு, கமராவை அதிகாரியிடம் நீட்டினேன்.

"சேர், அக்காவை ஒரு படம் எடுங்கோ."

அவர் கமராவை இயக்கினார். திரையில் ஏதோ வந்தது. வாசிக்காமல் ஓகேயை அமத்தி, படம் எடுத்தார். படத்தைத் திறந்து காட்டினேன். மூலையில் அதே சண்டைக்கால வருடத்தின் ஜனவரி முதலாம் நாள்.

அக்கா எட்டிப் பார்த்தார். "அப்ப நான் சண்டைக்குள்ளயும் உங்கட கந்தோருக்கு வந்தனானோ, சேர்?"

அவர் கடிதத்தைத் திருப்பி வாங்கி இரண்டாகக் கிழித்தார்.

அன்று முதல், திகதி எழுதிய சிலேட்டை வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டு நின்றால்தான் படம் எடுத்தோம். கமரா வாங்கும் பிரிவுக்கும் எழுதினேன்: திகதி தொலைந்தால் அதைப் பதியும்வரை கமரா படம் எடுக்கக்கூடாது, எழுத்து வெயிலில் தெரிய வேண்டும், ஓகே தானாக விரலுக்குக் கீழே வந்து நிற்கக்கூடாது. பதில் வரவில்லை.

ஒருவரைக் கள்ளர் என்று சொல்லமுன், கருவி என்ன கேட்டது, நாம் எதை அமத்தினோம் என்று பாருங்கள். அந்த இருவரையும் நான் சந்தேகப்பட்டது அவர்களுக்கு இன்றுவரை தெரியாது. ஒருநாளும் போய்ச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.