மச்சான் முகத்தில் ஒரு இன்ட்டு

மகன் கல்யாணத்துக்குத் திண்டிவனம் மேம்பாலத்தடியில் வைத்த ஃப்ளெக்ஸ் பேனரை அப்படியே என் போனுக்கு அனுப்பியிருந்தார் மண்டி முதலாளி. நடுவில் கைகூப்பிய அவர். சுற்றிலும் மாமன், மச்சான், பங்காளி என்று ஒருவர் விடாமல் தலைகள். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையின் அன்றாட விலையைச் சொல்வதற்காக அவருக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருந்தேன். அதைத் திறந்ததுமே இந்தப் பேனர் பாப்அப்பாக எழுந்து நிற்க வேண்டுமாம். புதிதாக வெப் டிசைன் கடை போட்டிருந்த எனக்கு அவர் ஒருவர்தான் வாடிக்கையாளர். அவர் போனால் கடைக்குப் பூட்டுதான்.

மூடுவதற்கு மூலையில் ஒரு இன்ட்டு மார்க்காவது பெரிதாக வைக்கிறேன் என்று மன்றாடினேன். பேனரில் அந்த மூலையில் இருந்தது அவருடைய மூத்த மச்சானின் முகம். "மூஞ்சி மேல இன்ட்டு போடுவியாம்மா? நல்ல காரியம் நடக்கிற வூட்ல அபசகுனம். சம்பந்தி பாத்தா பேஜாரா பூடும்" என்ற முதலாளி, அதைப் பேனருக்குக் கீழே தள்ளச் சொன்னார். சின்னப் போன் திரையில் அந்தக் கீழ்ப்பகுதி தெரியவே தெரியாது என்று எவ்வளவு சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

பக்கத்துக் கிராமமான பிரம்மதேசத்திலிருந்து ஒரு விவசாயி என்னைக் கூப்பிட்டார். "இன்னிக்கி ரேட்டு எங்கம்மா கீது? தொறந்தா ஒங்க மொதலாளி கும்புட்டுக்கினே நிக்கிறாரு." விலை தெரியாமல் யார் மூட்டை ஏற்றுவார்கள்? வண்டிகள் வேறு மண்டிகளுக்குப் போயின. வெப்சைட் வீண், மாதக் கடைசியோடு நிறுத்திவிடலாம் என்று முதலாளி எனக்குச் சொல்லி அனுப்பினார்.

அன்றே மண்டிக்குப் போனேன். தராசைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். "மொதலாளி, உங்க போன்ல ரேட்ட பாத்துச் சொல்லுங்க" என்றேன். கட்டைவிரலால் தன் முகத்தையே தேய்தேய் என்று தேய்த்தார். முகம் நகரவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்க, முதலில் வாய்விட்டுச் சிரித்தவர் அவர்தான். அந்த மனசுக்காகவே அவரை எனக்கு இன்றும் பிடிக்கும். "என்னய எடுத்துடும்மா, ஜல்தியா" என்றார்.

எடுக்கவில்லை. விலையை முதலில் வைத்து, அதைப் பார்த்து முடித்த பிறகு கண்ணில் படும்படி அடியில் சிறு பட்டையாக வாழ்த்தைப் போட்டேன். பக்கத்தில் 'மூடு' என்று தமிழிலேயே ஒரு பட்டன், மச்சானுக்கும் பங்கமில்லை. வேலையாக வருகிறவரை வழிமறித்து வணக்கம் சொல்லக் கூடாது. மறிப்பதானால் அவருக்கு உதவும் அவசரச் சேதி கையில் இருக்க வேண்டும். இன்று விழுப்புரத்தில் பெரிய ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் நான் அடம்பிடிப்பது இதற்காகத்தான்.

வண்டிகள் மறுபடி வரத் தொடங்கின. பிறகு ஒரு ஐப்பசியில் புயல் வருவதாகச் சேதி. அன்றைக்கு நானே திரையை முழுக்க மறித்தேன்: 'நாளை ஏலம் இல்லை. மூட்டை ஏற்ற வேண்டாம்.' அதன் கீழே, எந்தப் போனிலும் தெரியும்படி, தாராளமாக ஒரு 'மூடு'.

மறுநாள் கொட்டுகிற மழையில் முதலாளி போன் செய்தார். பக்கத்து மண்டி வாசலில் தார்ப்பாய்க்கு அடியிலேயே மூட்டைகள் நனைந்துகொண்டிருந்தனவாம். "நம்ம மண்டில ஒரு வண்டி இல்லம்மா! ஒரு மூட்டை நனையல!" என்று கத்தினார். மண்டி காலியாகக் கிடப்பதை ஒரு முதலாளி இப்படிக் கொண்டாடி நான் கேட்டதே இல்லை. நானும் சேர்ந்து கத்தினேன்.